ஓய்வே மருந்தா? முதுகுவலிச் சிகிச்சையில் மருத்துவம் மாற்றிக்கொண்ட பாதை

உலகில் மிக அதிகமான மக்களை, மிக அதிக ஆண்டுகள் இயலாமையுடன் வாழச் செய்யும் உடல்நலக் குறைபாடு எது என்ற கேள்விக்கு இதயநோயோ, புற்றுநோயோ விடையல்ல. 1990ஆம் ஆண்டு முதல் வந்துள்ள உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கெடுப்புகளில், இடுப்புப் பகுதியில் ஏற்படும் முதுகுவலியே இவ்வகையில் முதலிடத்தில் இருந்து வருகிறது.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் இந்த வலியுடன் வாழ்ந்தனர் என்றும், 2050ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 84 கோடியைத் தாண்டும் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. கட்டுமானத் தொழிலாளர்கள், வாகன ஓட்டுநர்கள், முதியோர் இல்லப் பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று உடலுழைப்பை நம்பி வாழ்வோருக்கு இது வெறும் மருத்துவப் பிரச்சினை அல்ல. அது வீட்டு வாடகையோடும், குடும்ப வருமானத்தோடும், சிலருக்குக் குடியுரிமை விண்ணப்பத்தோடும் கூடத் தொடர்புடையது.

ஆயினும், இவ்வளவு பரவலான ஒரு வலிக்கு மருத்துவர்கள் பல தலைமுறைகளாக வழங்கிவந்த அறிவுரை, நோயாளிகளில் பலருக்கு நன்மையை விடத் தீமையையே அதிகம் செய்தது என்பது கடந்த 40 ஆண்டுகளில் தெளிவாகியுள்ளது. அந்த அறிவுரை ஒரே சொல்லில் அடங்கியது: ஓய்வு.

அந்த அறிவுரை எவ்வாறு தோன்றியது, யார் அதைக் கேள்விக்குள்ளாக்கினர், அதன் இடத்தில் வந்த புதிய அணுகுமுறை எவ்வாறு அரசியல் சர்ச்சைகளிலும் சிக்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓய்வுக் கோட்பாட்டின் தோற்றம்

எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றின் நோய்களுக்கு ஓய்வே முதன்மையான சிகிச்சை என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் வேரூன்றியது. லண்டனைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜான் ஹில்டன், 1860களின் தொடக்கத்தில் நிகழ்த்திய உரைகளில், வலி என்பது உடல் ஓய்வு கேட்கும் குரல் என்ற கருத்தை விரிவாக முன்வைத்தார்.

அதே காலகட்டத்தில் லிவர்பூல் நகரின் ஏழைத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த ஹியூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டை நீண்டகாலம், இடைவெளியின்றி அசைவற்று வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பரம்பரை எலும்பு வைத்தியக் குடும்பத்தில் பிறந்த அவர் உருவாக்கிய கால் தாங்கி, முதலாம் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த எண்ணற்ற படைவீரர்களின் உயிரைக் காப்பாற்றப் பயன்பட்டது.

எலும்பு முறிவுக்கும், மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்து மூட்டுக் காசநோய்க்கும் இந்த அறிவுரை பொருத்தமாகவே இருந்தது. ஆனால் காலப்போக்கில் அதே விதி, எலும்பு முறிவும் கிருமித் தொற்றும் இல்லாத சாதாரண முதுகுவலிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதற்கு ஆதாரம் உண்டா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் ஆகிய இரு மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை மற்றொரு திருப்பத்தை ஏற்படுத்தியது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்துள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதே காலுக்குப் பரவும் வலிக்குக் காரணமாகலாம் என்றும், அறுவைச் சிகிச்சையால் அதை நீக்க முடியும் என்றும் அவர்கள் காட்டினர்.

காலுக்குப் பரவும் நரம்பு வலியைப் பொறுத்தவரை இது முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் அதன் பின்னர், ஏறத்தாழ எல்லா முதுகுவலிக்கும் டிஸ்க்கே காரணம் என்ற நம்பிக்கை பரவியது. நோயாளிகள் வாரக்கணக்கில் கட்டிலில் கிடத்தப்பட்டனர்; இடுப்பில் எடை கட்டி இழுக்கும் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டனர்; அதிலும் குணம் காணாதவர்கள் அறுவை அரங்குக்கு அனுப்பப்பட்டனர்.

சென்னையிலிருந்து வந்த ஒரு பாடம்

படுக்கை ஓய்வு பற்றிய ஐயங்கள் முதுகுவலிக்கு அப்பாலிருந்தே முதலில் எழுந்தன. 1947ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், நோயாளிகளைத் தேவையின்றிப் படுக்கையில் வைத்திருப்பதால் தசை மெலிவு, இரத்தம் உறைதல், படுக்கைப் புண், மனச்சோர்வு முதலியன ஏற்படுவதை எடுத்துக்காட்டி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் எழுதினார்.

ஐயத்தை ஆதாரமாக மாற்றிய ஆய்வுகளில் ஒன்று தமிழ் மண்ணில் நடந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1950களின் பிற்பகுதியில் சென்னையில் இயங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நுரையீரல் காசநோயாளிகளை இரு பிரிவுகளாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் முழு ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவற்றுடன் சிகிச்சை பெற்றனர். மற்றப் பிரிவினர் நெருக்கடியான தத்தம் வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டனர்.

1959ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவு உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது. மருந்து ஒழுங்காகக் கிடைத்தால், வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தனர். ஓய்வு, நல்ல காற்று என்று நூறாண்டுகளாகப் போற்றப்பட்ட சிகிச்சை கூடுதலான பயன் எதையும் தரவில்லை.

முதுகெலும்புக் காசநோய்க்கும் இதே கேள்வி பின்னர் எழுப்பப்பட்டது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தென்கொரியாவின் மாசான் நகரில் நடத்தி, 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைப் படுக்கையில் ஆறு மாதங்கள் இருந்தவர்களும், நடமாடியபடியே வெளிநோயாளிகளாக மருந்து உண்டவர்களும் ஒரே அளவில் நலம் பெற்றனர். கிருமியால் அரிக்கப்பட்ட முதுகெலும்புக்கே படுக்கை தேவைப்படவில்லை என்றால், சாதாரண முதுகுவலிக்கு அது ஏன் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்திருக்க வேண்டும். ஆனால் அது பரவலாக எழ மேலும் ஒரு பத்தாண்டு சென்றது.

கிளாஸ்கோ மருத்துவரின் கேள்வி

அக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர்களில் ஒருவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எலும்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணராகப் பணியாற்றிய கோர்டன் வாடெல். அறுவைச் சிகிச்சையே தமது தொழிலாக இருந்தும், முதுகுவலிக்கு அறுவை தேவைப்படுபவர்கள் மிகச் சிலரே என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அவரைச் சிந்திக்க வைத்தது ஒரு முரண்பாடு. மனிதர்களுக்கு முதுகுவலி எக்காலத்திலும் இருந்து வந்துள்ளது. அது முன்பைவிட அதிகரித்துள்ளது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் பிரிட்டன் போன்ற தொழில்வள நாடுகளில், முதுகுவலியைக் காரணமாகக் கொண்டு வேலை செய்ய இயலாதவர்கள் என்று பதிவு செய்யப்பட்டவர்களின் எண்ணிக்கை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் பன்மடங்கு பெருகியிருந்தது. சிகிச்சை வளர்ந்த அதே காலத்தில் இயலாமையும் வளர்ந்திருந்தது.

வலி, இயலாமை ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்பதே இம்முரண்பாட்டுக்கு வாடெல் கண்ட விளக்கம். ஒரே அளவு வலியுள்ள இருவரில் ஒருவர் வேலைக்குச் செல்கிறார், மற்றவர் கட்டிலை விட்டு எழுவதில்லை. இந்த வேறுபாட்டை எக்ஸ்ரே படத்தில் காண இயலாது. வலியைப் பற்றிய அச்சம், மனச்சோர்வு, குடும்பத்தின் எதிர்வினை, பணியிடச் சூழல், மருத்துவர் கூறிய சொற்கள் ஆகிய அனைத்தும் அதில் பங்கு வகிக்கின்றன.

1977ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் எங்கல் முன்வைத்த, உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றையும் இணைத்து நோயைக் காணும் கோட்பாட்டை வாடெல் முதுகுவலிக்குப் பொருத்தினார். 1987ஆம் ஆண்டில் ஸ்பைன் என்ற மருத்துவ இதழில் வெளியாகி வோல்வோ விருது பெற்ற அவரது கட்டுரை, இத்துறையின் போக்கை மாற்றிய எழுத்துகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஓய்வு அளிப்பதைக் கைவிட்டு, நோயாளி மீண்டும் இயங்க உதவுவதே சிகிச்சையின் நோக்கமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

1993ஆம் ஆண்டில் அவரும் சகாக்களும் உருவாக்கிய 16 கேள்விகள் கொண்ட வினாத்தாள், அசைந்தால் வலி கூடும், வேலை செய்தால் முதுகு பழுதாகும் என்ற அச்சத்தை அளவிட்டது. வலி எவ்வளவு கடுமையானது என்பதைவிட, வலியைப் பற்றிய அச்சமே ஒருவரை அதிகம் முடக்குகிறது என்று அவர்கள் வாதிட்டனர்.

ஆய்வுகள் கூறியவை

கோட்பாடு ஒருபுறம் இருக்க, நேரடி ஒப்பீட்டு ஆய்வுகளும் வெளிவரத் தொடங்கின. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் அவரது சகாக்களும் முதுகுவலியுடன் வந்த 203 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு நாட்களும் மற்றவர்களை ஏழு நாட்களும் படுத்திருக்குமாறு அறிவுறுத்தினர். குணமடைவதில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு நாள் ஓய்வு கூறப்பட்டவர்கள் வேலைக்குச் செல்லாத நாட்கள் 45 சதவீதம் குறைவாக இருந்தன.

1995ஆம் ஆண்டில் வெளியான பின்லாந்து ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. ஹெல்சிங்கி மாநகராட்சிப் பணியாளர்கள் 186 பேர் மூன்று பிரிவுகளாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் படுக்கை, மற்றொரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாம் பிரிவினருக்கு வலி அனுமதிக்கும் வரையில் அன்றாட வேலைகளைத் தொடருமாறு அறிவுரை. விரைவாகக் குணமடைந்தவர்கள் மூன்றாம் பிரிவினரே. மிக மெதுவாகக் குணமடைந்தவர்கள் படுத்திருந்தவர்கள்.

1990களின் நடுப்பகுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்களுக்கான வழிகாட்டு நெறிகள் மாற்றி எழுதப்பட்டன. 1996ஆம் ஆண்டில் வாடெல் உள்ளிட்டோர் எழுதிய, முதுகுவலி பற்றிய சிறு கையேடு ஒன்று பொதுமக்களுக்காக வெளியிடப்பட்டது. முதுகு எளிதில் உடையும் பொருளல்ல, அது அசைவதற்காகவே அமைந்தது என்ற செய்தியை அது எளிய மொழியில் கூறியது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசு அமைப்பு 1997 முதல் இதே செய்தியைத் தொலைக்காட்சி விளம்பரங்கள் மூலம் பரப்பியது. முதுகுவலிக்காகத் தொழிலாளர் இழப்பீடு கோரும் விண்ணப்பங்கள் அங்கு குறைந்தன. பிரசாரம் நடைபெறாத அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் இத்தகைய மாற்றம் காணப்படவில்லை. பொதுமக்களிடம் மட்டுமன்றி, மருத்துவர்களின் நம்பிக்கைகளிலும் மாற்றம் ஏற்பட்டிருந்தது குறிப்பிடத்தக்கது.

படங்கள் காட்டுவதும் சொற்கள் செய்வதும்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவலானபோது, வலியின் காரணத்தை இனி நேரில் கண்டுவிடலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. 1994ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று அந்த எதிர்பார்ப்பைத் தகர்த்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரின் முதுகெலும்பைப் படம் பிடித்தபோது, 52 சதவீதத்தினரிடம் குறைந்தது ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்குகளும் இயல்பாக இருந்தவர்கள் 36 சதவீதத்தினர் மட்டுமே.

2015ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வின்படி, வலி எதுவும் இல்லாதவர்களிலும் 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்வு காணப்படுகிறது. அதாவது, படத்தில் தெரியும் மாற்றங்களில் பல, தலைமுடி நரைப்பதைப் போல வயதின் அடையாளங்கள். அவற்றுக்கும் நோயாளியின் வலிக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இங்குதான் மருத்துவர் பயன்படுத்தும் சொல் முக்கியத்துவம் பெறுகிறது. எலும்பு தேய்ந்துவிட்டது, ஜவ்வு விலகிவிட்டது, இனி குனியவே கூடாது என்ற சொற்கள் தமிழர்கள் மருத்துவமனைகளிலும் உறவினர் வீடுகளிலும் அடிக்கடி கேட்பவை. இவற்றைக் கேட்கும் ஒருவர், தம் முதுகு எந்நேரமும் உடைந்துவிடும் என்ற அச்சத்துடன் வாழத் தொடங்குகிறார். அசைவு குறைகிறது, தசை மெலிகிறது, வலி நிலைக்கிறது. அச்சம் தன்னை மெய்ப்பித்துக்கொள்கிறது.

இதன் காரணமாகவே, தெளிவான காரணமின்றி ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் உள்ளிட்ட பல நாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. ஸ்கேன் எடுக்க மறுக்கும் மருத்துவர் அலட்சியம் செய்கிறார் என்று நோயாளி கருதுவது இயல்பு. ஆனால் கவனமாக விசாரித்து, உடலைத் தொட்டுப் பரிசோதித்த பின்னர் அவ்வாறு கூறப்பட்டால், அது சிகிச்சையின் ஒரு பகுதியே.

சுளுக்கும் பனிக்கட்டியும்

ஓய்வு பற்றிய மறுசிந்தனை முதுகோடு நிற்கவில்லை. கணுக்கால் சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்ற காயங்களுக்கு ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, உறுப்பை உயர்த்தி வைத்தல் என்ற நான்கு அம்ச விதியை 1978ஆம் ஆண்டில் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கின். பள்ளி மைதானங்கள் முதல் ஒலிம்பிக் அரங்குகள் வரை அது வேதவாக்காகப் பின்பற்றப்பட்டது.

2014ஆம் ஆண்டில் மிர்கினே தமது கருத்தை மாற்றிக்கொண்டார். காயத்தைச் சுற்றி ஏற்படும் வீக்கமும் அழற்சியும் உடல் தன்னைச் சீர்செய்துகொள்ளும் முயற்சியின் பகுதி என்றும், பனிக்கட்டியும் முழு ஓய்வும் அம்முயற்சியைத் தாமதப்படுத்தக்கூடும் என்றும் அவர் எழுதினார். வலியைத் தற்காலிகமாகக் குறைக்கப் பனிக்கட்டியைச் சில நிமிடங்கள் வைப்பதை அவர் முற்றாக மறுக்கவில்லை.

இன்று பொதுவாக ஏற்கப்படும் நடைமுறை, முதல் ஓரிரு நாட்கள் காயமுற்ற பகுதியைப் பாதுகாத்து, பின்னர் வலி அனுமதிக்கும் அளவில் படிப்படியாகப் பாரத்தை ஏற்றுவது. எலும்பு முறிவு உண்டா என்பதை அறிய, 1992ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவாவில் உருவாக்கப்பட்ட எளிய விதிகள் உதவுகின்றன. காயம்பட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடிகூட எடுத்து வைக்க இயலவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபுற எலும்பு முனைகளில் அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே தேவை என்பது அவற்றில் முக்கியமானது.

மாத்திரைகளின் எல்லை

வலி நிவாரண மாத்திரைகள் பற்றிய நம்பிக்கைகளும் சோதனைக்கு உள்ளாகியுள்ளன. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,650 பேரிடம் நடத்தப்பட்டு 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், திடீர் முதுகுவலிக்குப் பாரசிட்டமால் உண்டவர்களும், மருந்தே இல்லாத போலி மாத்திரை உண்டவர்களும் ஏறத்தாழ 17 நாட்களில் குணமடைந்தனர்.

அபின் வகையைச் சேர்ந்த வலுவான மாத்திரைகளை முதுகுவலி, கழுத்துவலி உள்ள 347 பேரிடம் சோதித்த மற்றோர் ஆஸ்திரேலிய ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளியானது. ஆறு வார முடிவில் அவை போலி மாத்திரையை விடச் சிறந்தவையாக இருக்கவில்லை. இவ்வகை மாத்திரைகள் அமெரிக்காவில் பல லட்சம் குடும்பங்களைப் போதை அடிமைத்தனத்துக்குள் தள்ளிய பின்னணியில், இம்முடிவு கவனத்துக்குரியது.

அபாய அறிகுறிகள்

முதுகுவலிகளில் சுமார் 90 சதவீதம், குறிப்பிட்ட ஒரு நோயையோ சிதைவையோ காரணமாகச் சுட்ட இயலாதவை. எஞ்சியவற்றைத் தவறவிடாமல் கண்டறிவதே மருத்துவரின் முதல் கடமை. நடமாடுங்கள் என்ற அறிவுரை அதற்குப் பின்னரே வருகிறது.

சிறுநீர், மலம் கழிப்பதில் திடீர்த் தடையோ கட்டுப்பாடின்மையோ ஏற்படுதல், உட்காரும் பகுதியில் உணர்ச்சி மரத்துப்போதல், கால்களில் பலவீனம் கூடிக்கொண்டே செல்லுதல் ஆகியன, முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்குவதைக் காட்டக்கூடும். இவை தோன்றினால் அதே நாளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதமும் நிரந்தரப் பாதிப்பை ஏற்படுத்தலாம்.

காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, இரவு வியர்வை, முன்னர் புற்றுநோய் இருந்த வரலாறு, பெரிய விபத்து, நீண்டகால ஸ்டீராய்டு மருந்துப் பயன்பாடு ஆகியனவும் உடனடி விசாரணையைக் கோருபவை.

தெற்காசியாவிலிருந்து புலம்பெயர்ந்தவர்களைப் பொறுத்தவரை இரண்டு காரணங்கள் தனியே குறிப்பிடத்தக்கவை. முதலாவது, முதுகெலும்புக் காசநோய். காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு, வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இது தலைகாட்டக்கூடும். இந்நோயை அரிதாகவே காணும் மேலைநாட்டு மருத்துவர் ஒருவருக்கு, இது உடனே நினைவுக்கு வராமல் போகலாம்.

இரண்டாவது, விட்டமின் டி குறைபாடு. வெயில் குறைந்த வட நாடுகளில் வாழும் கருநிறத் தோல் கொண்டவர்களிடம் இது அதிகம். உடல் முழுவதும் எலும்புகள் நோவது போன்ற உணர்வும், தொடைத் தசைகளின் தளர்ச்சியும் இதனால் ஏற்படலாம். தெற்காசியர் உள்ளிட்ட கருநிறத் தோலினர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றிச் சிந்திக்குமாறு பிரிட்டனின் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது.

மொழியும் ஒரு தடையாகிறது. யாழ்ப்பாணத்தவர் நாரி உளைவு என்பதும், தமிழகத்தவர் வாயுப் பிடிப்பு என்பதும், கடுப்பு, குத்து, இழுப்பு, விறைப்பு என்று தமிழில் வலிக்குள்ள பல பெயர்களும், மொழிபெயர்ப்பில் வலி என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. இவற்றிடையே உள்ள வேறுபாடு, நோயின் தன்மையை அறிய மருத்துவருக்குத் தேவையான தகவல். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும்போது, சிறுநீர், மலம் பற்றிய கேள்விகளுக்குப் பெற்றோர் வெட்கத்தால் உண்மையை மறைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

அரசும் வலியும்

வாடெலின் அணுகுமுறை மருத்துவமனைகளைத் தாண்டி அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது சர்ச்சை ஆரம்பமானது.

1980ஆம் ஆண்டில் அவரும் சகாக்களும், உடல் சிதைவால் மட்டும் விளக்க முடியாத ஐந்து வகை அறிகுறிகளை வரையறுத்தனர். இத்தகைய நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்னர் உளவியல் உதவியும் தேவைப்படலாம் என்பதை மருத்துவருக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். ஆனால் காப்புறுதி வழக்குகளிலும் இழப்பீட்டு விசாரணைகளிலும் அது, நோயாளி நடிக்கிறார் என்பதற்குச் சான்றாகப் பயன்படுத்தப்பட்டது. 1998ஆம் ஆண்டில் வாடெலும் உளவியலாளர் கிரிஸ் மெயினும் இத்தகைய பயன்பாடு தவறு என்று எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது.

2006ஆம் ஆண்டில் பிரிட்டன் அரசின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்காக வாடெலும் கிம் பர்ட்டனும் தயாரித்த அறிக்கை, வேலை செய்வது பொதுவாக உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் நல்லது என்ற முடிவுக்கு வந்தது. வேலையின் தன்மையும் தரமும் இதில் முக்கியம் என்ற நிபந்தனையும் அதே அறிக்கையில் இடம்பெற்றிருந்தது.

2008ஆம் ஆண்டில் பிரிட்டனில் இயலாமை உதவித்தொகை முறை மாற்றப்பட்டு, வேலைத் திறனைச் சோதிக்கும் புதிய ஏற்பாடு கொண்டுவரப்பட்டது. முடிவு நினைவில் கொள்ளப்பட்டது, நிபந்தனை மறக்கப்பட்டது என்பது மாற்றுத்திறனாளி அமைப்புகள் பலவற்றின் குற்றச்சாட்டு. உள்ளம், சமூகம் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளும் கோட்பாடு, நோயாளியின் மனப்பான்மையே குறை என்று கூறும் ஆயுதமாகத் திரிக்கப்பட்டது என்று அவை வாதிட்டன. உதவித்தொகைகளைக் குறைத்தால் மட்டுமே மக்களை உழைப்புக்குத் திருப்ப முடியும் என்ற கருத்துடையவர்களோ, நீண்டகாலம் வேலையின்றி இருப்பதன் தீங்குகளைச் சுட்டிக்காட்டினர்.

இரு தரப்பின் வாதங்களிலும் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உள்ளது. இயங்குவது முதுகுக்கு நல்லது என்பது மருத்துவ ஆய்வுகள் நிறுவிய செய்தி. ஆனால் பாரத்தைக் குறைக்க மறுக்கும் முதலாளியிடம், இடைவேளை இல்லாத வேலைக்கு, வலியோடு திரும்புவது நல்லது என்று எந்த ஆய்வும் கூறவில்லை. கோட்பாட்டின் மூன்று தூண்களில் சமூகம் என்ற தூண் நோயாளியின் வீட்டோடு முடிவதில்லை. பணியிடமும் அதற்குள் அடங்கும்.

சித்திரவதை, போர்க்காயம் ஆகியவற்றுக்கு உள்ளாகி வந்தவர்களின் நிலை மேலும் நுட்பமானது. அவர்களின் வலியில் உள்ளத்தின் பங்கு உண்டு என்று கூறுவது, அவ்வலி பொய் என்று கூறுவதாகாது. எல்லா வலியும் நரம்பு மண்டலத்தில் உணரப்படும் மெய்யான வலியே. இந்த வேறுபாட்டை நோயாளிக்கும், அவரது கோரிக்கையைத் தீர்மானிக்கும் அதிகாரிக்கும் விளக்க வேண்டிய பொறுப்பு மருத்துவருக்கு உள்ளது.

இன்றைய நிலை

உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில், நாட்பட்ட முதுகுவலிக்கான தனது முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நோயாளிக்குத் தெளிவான விளக்கம் அளித்தல், உடற்பயிற்சி, உளவியல் சார்ந்த சிகிச்சை, கையால் அளிக்கும் சில சிகிச்சைகள், அழற்சி குறைக்கும் மருந்துகள் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டி, எடை கட்டி இழுத்தல், அபின் வகை மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாக வழங்க வேண்டாம் என்று கூறியது.

எவ்வகைப் பயிற்சி சிறந்தது என்பதில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பிசியோதெரப்பி நிபுணரின் வழிகாட்டுதலுடன் படிப்படியாக நடக்கப் பழகியவர்களுக்கு வலி மீண்டும் வர இடைநிலைக் கணக்கில் 208 நாட்கள் ஆயின. அவ்வாறு நடக்காதவர்களுக்கு 112 நாட்களிலேயே வலி திரும்பியது. நடப்பதற்குக் கட்டணமோ கருவியோ தேவையில்லை.

ஆயினும், மருத்துவர் நோயாளியுடன் செலவிடும் நேரம் பத்து நிமிடங்களாகச் சுருங்கியுள்ள நாடுகளில், மாத்திரை எழுதிக் கொடுப்பதும் ஸ்கேனுக்கு அனுப்புவதும் எளிது. அச்சத்தைப் போக்குமாறு விளக்குவது கடினம். வளரும் நாடுகளில் ஸ்கேன் நிலையங்களும் தனியார் மருத்துவமனைகளும் பெருகிவரும் நிலையில், மேலை நாடுகள் செய்த அதே தவறுகள் அங்கு மீண்டும் செய்யப்படும் ஆபத்து உள்ளது என்று 2018ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட முதுகுவலிக் கட்டுரைத் தொடர் எச்சரித்தது.

சானடோரியப் படுக்கை அவசியமல்ல என்று 1959ஆம் ஆண்டில் சென்னை காட்டியபோது, உலகம் அதை ஏற்றுக்கொண்டு கட்டில்களைக் காலி செய்தது. அங்கு படுக்கைக்குப் பதிலாக, குணமாக்கும் மருந்து ஒன்று கையில் இருந்தது. முதுகுவலியில் படுக்கைக்குப் பதிலாக வழங்கக்கூடியவை விளக்கமும், நம்பிக்கையும், நடக்க நேரமும், பளுவைக் குறைக்கும் பணியிடமும்தான். இவற்றில் முதல் இரண்டை மருத்துவர் அளிக்க முடியும். மற்ற இரண்டும் மருந்துக் கடையில் கிடைப்பவை அல்ல. அவற்றை யார் அளிப்பது என்பதே இப்பிரச்சினையில் இன்னும் தீர்க்கப்படாத கேள்வியாக உள்ளது.